உடைந்த சுக்கானின் உட்புறம்

படகை எடுத்துக்கொண்டு போகாவிட்டால் உடைத்துவிடுவோம் என்று படகுப் பட்டறைக்காரர் சொல்லியனுப்பிய அன்று, வீட்டில் முதலில் வாய் திறந்தது மாமனார்தான்.

"உடைக்கட்டும்," என்றார். "நமக்கு என்னத்துக்கு அது? நினைச்சாலே வயிறு எரியுது."

மருமகள் சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஈரக்கையைத் துடைத்தபடியே வந்து, "நான் ஒரு சுக்கான் செஞ்சு மாட்டி எடுத்துட்டுப் போறேன் மாமா," என்றாள், ஏதோ கடைவரை போய் வருகிறேன் என்பதுபோல.

மாமனார் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீயா?"

"நான்தான்."

அந்தப் படகுப் பட்டறை இருந்த இடத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். பட்டறை விரிகுடாவின் அக்கரைக்கு மாறுகிறது. மிதக்கிற படகுகள் தாமாகக் கடந்து போக வேண்டும். மிதக்காததும் திரும்பாததும் ரம்பத்துக்கு. அவள் கணவனின் பாய்மரப் படகு மிதக்கும். திரும்பாது. அதற்குச் சுக்கான் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நடுக்கடலில் அது முறிந்துபோனது. அந்த நாளில்தான் அவனும் போனான். உடல்கூடக் கிடைக்கவில்லை. படகில் கூட இருந்த அவன் தம்பியை மட்டும் ஒரு மீன்பிடிப் படகு கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தது.

சுக்கான் செய்யத் தேவையான கார்பன் இழைத் துணியும், அதை நனைத்து இறுக வைக்கிற ரெசின் பசையும் அவளுக்குப் புதிது அல்ல. அவள் செயற்கைக் கால் செய்கிறவள். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கிற நீளமான கூடத்தில், முழங்காலுக்குக் கீழே இழந்தவர்களுக்கும் தொடையோடு இழந்தவர்களுக்கும் அளவெடுத்து, அச்சுப் பிடித்து, கறுப்புத் துணியைச் சுற்றி, ரெசின் ஊட்டி, காற்றை உறிஞ்சி இறுக்கி, இலேசான, உறுதியான கால் செய்து தருவாள். வருகிறவர்கள் எல்லாருக்கும் அவள் கால்காரம்மா. "கால்காரம்மா, செருப்பு ஒண்ணு தேய மாட்டேங்குது, ரெண்டாவது செருப்பு கோவிச்சுக்குது" என்று சிரிக்க வைக்கிறவர்களும் உண்டு. அவள் கணவன் சுக்கானைக் கார்பனில் செய்யலாம் என்று கிளம்பியதே அவள் வேலையைப் பார்த்துத்தான்.

அடுத்த விடுமுறை நாளில் அவள் படகுப் பட்டறைக்குப் போனாள். அங்கே எல்லாவற்றுக்கும் பொறுப்பானவரைத் தாடி என்பார்கள். தாடியை எடுத்து வெகுகாலம் ஆகியும் பெயர் மட்டும் போகவில்லை. முட்டுக்கட்டைகளின் மேல் நின்ற படகின் தார்ப்பாயை அவர் விலக்கினார். அடிப்பாகத்தில் பின்பக்கம், சுக்கான் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு துளை மட்டும் இருந்தது.

"தண்டோட மேல்துண்டு உள்ளேயே நிக்குதும்மா. துளைக்குள்ளேயே முறிஞ்சிருக்கு. அதனாலதான் யாரும் பார்க்கல," என்றார் தாடி. "அளவு வேணும்னா அதை உருவித்தான் எடுக்கணும்."

அவர் படகுக்கு உள்ளே நின்று இழுக்க, அவள் கீழேயிருந்து மரச்சுத்தியால் தட்டினாள். முழங்கை நீளமுள்ள கறுப்புக் குழாய் ஒன்று, உப்புப் பூத்து, முனையில் தும்பு தும்பாக வெளியே வந்தது. சுக்கான் என்றால் தண்ணீருக்குள் நிற்கும் பலகை மட்டும் அல்ல. பலகையைத் தாங்கி மேலே ஏறி, படகைத் திருப்புகிற கைப்பிடியோடு சேர்கிற இந்தத் தண்டுதான் அதன் உயிர். முறிந்தது தண்டு.

அவள் அதைத் துணியில் சுற்றித் தன் கூடத்துக்கு எடுத்துப் போனாள். சுவரின் கனம் தெரிய வேண்டுமே என்று வைஸ் இடுக்கியில் பிடித்து நீளவாக்கில் ரம்பத்தால் அறுத்தாள். இரண்டு பாதியும் பிரிந்து மேஜைமேல் விழுந்தன.

வெளி அடுக்குகள் கண்ணாடிபோல் இறுகிப் பளபளத்தன. உள்ளே, முறிந்த இடத்தை ஒட்டி, உள்ளங்கை அகலத்துக்குத் துணி துணியாகவே இருந்தது. சாம்பல் நிறமாக, வறண்டு. விரலால் நீவினால் முடிபோல் பிரிந்து வந்தது. ரெசின் அங்கே போகவே இல்லை.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அவளுக்கு இது எப்படி நடக்கும் என்று தெரியும். இறுக வைக்கிற ஹார்டனரோடு ரெசினைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்காமல் மொத்தத்தையும் ஒரேயடியாகக் கலந்தால், பாத்திரத்திலேயே சூடேறிக் கெட்டியாக ஆரம்பித்துவிடும். அவசர அவசரமாகப் பூசினால் மேலே மட்டும் நனையும். அவள் கூடத்தில் இப்படி ஒரு கால் வந்தால் யோசிக்காமல் குப்பையில் போடுவாள், ஒருத்தர் அதை நம்பி எழுந்து நிற்கப்போகிறாரே. கணவன் ஒரு நாள் உள்ளங்கை கொப்புளித்துப்போய் வீட்டுக்கு வந்ததும், "உன் ரெசின் என்னைக் கடிச்சிடுச்சு, கப்புலயே கொதிச்சிடுச்சு" என்று சிரித்ததும், அவள் மருந்து போட்டுவிட்டதும் ஞாபகம் வந்தன. அதன்பின் அவன் அந்தத் தண்டைத் திரும்பச் செய்திருப்பான் என்று அவள் நினைத்திருந்தாள். நினைக்கக்கூட இல்லை, சந்தேகமே வரவில்லை. எதிலும் ஒரு குறை வைக்காத மனிதன் என்று ஊரெல்லாம் பெயர் எடுத்தவன்.

இத்தனை நாளும் வீட்டில் பேச்சு வேறாக இருந்தது. காற்றுக்கு மீறிப் பாயை விரித்து, படகை அடக்கத் தெரியாமல் பிடியைப் போட்டு முறுக்கி, சுக்கானை முறித்தவன் தம்பி. மாமனார் அதைச் சொல்லிச் சொல்லியே சின்ன மகன் முகத்தில் விழிப்பதை நிறுத்திக்கொண்டார். அவளும் சும்மா இருக்கவில்லை. படகை இழுத்து வந்த அன்று, கரையில், போர்வை போர்த்தி நடுங்கிக்கொண்டு நின்றவனைப் பார்த்து, "நீ மட்டும் எப்படி வந்தே?" என்று கேட்டாள். அவன் அதற்குப் பிறகு வீட்டுப் பக்கம் வரவில்லை.

குப்பைத் தொட்டி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. இரண்டு துண்டுகளையும் அதில் போட்டுவிட்டால் முடிந்தது. போனவனின் பெயர் போனவனோடு நல்லபடியாக இருக்கும். சாயங்காலம் வரை அவள் வேறு வேலை எதுவும் ஓடாமல் அங்கேயே கிடந்தாள். கடைசியில் துண்டுகளை மறுபடி துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். கூடத்தைப் பூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

கொழுந்தன் ஜன்னல் கண்ணாடி பொருத்துகிற வேலையில் இருந்தான். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு ரேடியோ என்று பெயர், தூக்கத்தில்கூடப் பேசுவான். அவள் கல்யாணமாகி வந்தபோது பள்ளிக்கூடப் பையுடன் வாசலில் நின்று, அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் வீட்டின் மொத்தக் கதையையும் சொல்லி முடித்தவன். இப்போது ஒரு பள்ளிக்கூடத்தின் மாடி வராந்தாவில், சட்டத்தில் கண்ணாடி பதிக்கிற மக்குப் பசையைத் தீற்றிக்கொண்டு தனியாக இருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றான். கை இரண்டும் வெள்ளையாக இருந்தன.

"அண்ணி," என்றான். அவ்வளவுதான் வந்தது.

அவள் பையைத் திறந்து இரண்டு பாதிகளையும் ஜன்னல் திட்டில் வைத்தாள். சுருக்கமாகச் சொன்னாள். எங்கே வறண்டிருக்கிறது, ஏன் வறண்டது, அந்த இடத்தில்தான் முறிந்தது. அவன் குனிந்து பார்த்தான். விரலால் தொட்டான். தும்பு அவன் விரலில் ஒட்டிக்கொண்டது.

முகத்தில் ஒரு நிம்மதி வரும் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். வரவில்லை.

"இதை எதுக்கு எடுத்துட்டு வந்தீங்க?"

"உனக்குத் தெரிய வேணாமா?"

"தெரிஞ்சு?" அவன் குரல் உயர்ந்தது. "ரெண்டு வருஷமா நான்தான் முறிச்சேன்னு இருந்தேன். எழுந்தா அது, படுத்தா அது. அதோட வாழப் பழகிட்டேன். இப்ப வந்து, இல்லப்பா, அது உங்க அண்ணன் வேலைங்கறீங்க. அவன் வந்து பதில் சொல்வானா? செத்தவன் தலையில கட்டிட்டு நான் தப்பிச்சுக்கணுமா?"

"யார் தலையிலயும் கட்டல தம்பி. இருக்கறதைச் சொல்றேன்."

"பாய் அதிகமாத்தான் இருந்துச்சு அண்ணி. அப்பா சொல்றது பொய்யில்ல."

"அப்படியே இருக்கட்டும். அதுவும் உண்மை, இதுவும் உண்மை."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். கீழே மைதானத்தில் யாரோ விசில் ஊதினார்கள். அவளுக்குச் சொல்ல வேண்டியது இன்னொன்று இருந்தது. அதைச் சொல்லத்தான் அவ்வளவு படிகளும் ஏறி வந்தாளோ என்னவோ.

"அன்னைக்குக் கரையில நான் கேட்டது... அப்படிக் கேட்டிருக்கக் கூடாது."

அவன் திரும்பாமலே சொன்னான்: "நானும் அதையேதான் கேட்டுட்டிருந்தேன். நீங்க வாய்விட்டுக் கேட்டீங்க, அவ்வளவுதான்."

அவள் துண்டுகளைத் திரும்பப் பைக்குள் வைத்தபடி, "புதுசா ஒண்ணு செய்யப் போறேன். துணி சுத்தும்போது எதிர்ப்பக்கம் பிடிக்க ஒரு ஆள் வேணும். படகை ஓட்டறதுக்கும் ஆள் வேணும். எனக்குப் படகு ஓட்டத் தெரியாது," என்றாள். அவன் மக்குக் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

அடுத்த விடுமுறை நாளில் அவள் கூடத்தைத் திறக்க வந்தபோது அவன் கதவருகே நின்றுகொண்டிருந்தான்.

முதலில் தண்டு. ஒரு வழவழப்பான இரும்புக் குழாயில், பிறகு உருவி எடுக்க வசதியாக மெழுகு தடவி, அதன்மேல் கார்பனைச் சுற்றினார்கள். படகு சாயும்போது தண்டு வளையப் பார்க்கும். அதற்கு நீளவாட்டில் ஓடுகிற இழை. பிடியைத் திருப்பும்போது முறுக்கிக்கொள்ளப் பார்க்கும். அதற்குச் சாய்வாக ஓடுகிற இழை. ஒன்று மாற்றி ஒன்று. "கால்லயும் இப்படித்தான்," என்றாள். "நடக்கறது மட்டுமில்ல, கூப்பிட்டா சட்டுனு திரும்பறாங்க பாரு, அப்பதான் முறியும்." ரெசினைச் சின்னச் சின்னக் கிண்ணங்களாகக் கலந்தாள். ஒவ்வொரு அடுக்கையும் உருளையால் அழுத்தி, துணி முழுக்கக் கறுத்து நனைந்த பிறகுதான் அடுத்ததற்குப் போனாள். அவசரப்படுத்தவும் ஆள் இல்லை. அவன் எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடித்திருந்தான். பழைய தண்டைவிடச் சுவரை நன்றாகவே கனமாக ஏற்றினாள்.

பிறகு பலகை. இளமஞ்சள் ஃபோம் கட்டிகள் இரண்டை எடுத்து, மீனின் உடம்புபோல் முன்னே பருத்துப் பின்னே மெலிகிற வடிவத்துக்கு உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார்கள். தேய்க்கிற தூள் மூக்கு, புருவம், காது மடல் எல்லாவற்றிலும் ஏறியது. வடிவம் சரியாக வருகிறதா என்று அவள் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்ப்பாள். கால் செய்து செய்து அவளுக்கு அந்தப் பழக்கம். "இவ்வளவு அழகா செஞ்சுட்டு இதுக்குப் பாதம் வெக்காம விடறீங்களே அண்ணி," என்றான் அவன். "வெச்சா தானா நடந்து அக்கரைக்குப் போயிடும், நமக்கு வேலை மிச்சம்." அவளுக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு பேரும் சிரித்துவிட்டு, ஏதோ தவறு செய்துவிட்டவர்கள்போல் அமைதியானார்கள்.

இரண்டு கட்டிகளின் நடுவே வாய்க்கால் குடைந்து, தண்டை அதில் படுக்க வைத்து ஒட்டினார்கள். மேலே கார்பன் துணியைப் போர்த்தி, நனைத்து, எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறைக்குள் விட்டு, காற்றை உறிஞ்சும் பம்பைப் போட்டாள். உறை சுருங்கிச் சுருங்கி, பலகையின் மேல் தோலாக ஒட்டிக்கொண்டது. இனி அது இறுகும்வரை காத்திருக்க வேண்டியதுதான். பம்பு ஒரே சீராக இரைந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் அவன் சொன்னான். அவள் கேட்கவில்லை.

"மத்தியானம்தான் அண்ணி. நல்ல வெயில். பயப்படற காத்தே இல்ல. நான் பிடியில, அவன் முன்னாடி. பாயைச் சுருக்கலாமான்னு ரெண்டு பேருக்குமே தோணல, அப்படி ஓடுச்சு படகு. திடீர்னு கையில ஒண்ணுமே இல்ல. பிடி இருக்கு, ஆனா காத்தைப் பிடிச்ச மாதிரி. படகு தானா சுத்துது. பாய் அந்தப் பக்கம் போய் அடிக்குது. அவன் கத்தல, கோபப்படல. 'என்னாச்சுன்னு பார்க்கறேன் இரு'ன்னு பின்னாடி வந்தான். இடுப்புக் கயிறு எட்டல. கழட்டிட்டு எட்டிப் பார்த்தான். 'அடடே, முறிஞ்சுடுச்சுடா'ன்னான். ஒரு மாதிரி ஆச்சரியமா. அதுக்குள்ள அலை ஒண்ணு பக்கவாட்டுல வந்துச்சு."

பம்பு இரைந்தது.

"நான் மிதவையைத் தூக்கிப் போட்டேன். அவன் கை தெரிஞ்சுச்சு. படகைத் திருப்ப முடியலியே அண்ணி. திருப்பறதுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்ல. அது பாட்டுக்கு விலகிப் போயிட்டே இருந்துச்சு."

அவள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். இரண்டு வருஷமாக எத்தனையோ விதமாக அவள் அதைக் கற்பனை செய்திருந்தாள். அலறல், புயல், இருட்டு. வெயிலும் அந்த ஒரு 'அடடே'யும் அவள் கற்பனையில் இருந்ததே இல்லை. அது அவன்தான். அப்படித்தான் சொல்வான், பால் பொங்கி வழிந்தாலும் அப்படித்தான். அவள் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு அழுதாள். கொழுந்தன் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான்.

தண்டு பழையதைவிடப் பருத்துவிட்டதால், படகில் அது நுழைந்து சுழல்கிற உலோகப் புஷ்ஷின் துளையைப் பெரிதாக்க வேண்டியிருந்தது. அது லேத் வேலை. மாமனார் வேலையில் இருந்த நாளெல்லாம் லேத் ஓட்டியவர். அவரிடம் எப்படிக் கேட்பது என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு நாள் அவராகவே கூடத்துக்கு வந்துவிட்டார். வீட்டுச் சாவியை மறந்துவிட்டுப் போனாளாம். அதைக் கொடுக்க வந்தாராம். சின்ன மகன் மூலையில் படகின் பிடியைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அவனைப் பார்க்காதவர்போல் சுவரோரமாக நடந்து வந்து மேஜையருகே நின்றார். அறுத்த பழைய துண்டுகள் அங்கே கிடந்தன.

எடுத்தார். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு வெளிச்சத்தில் காட்டினார். அவருக்கு ரெசின் தெரியாது. ஆனால் ஒரு பொருள் எங்கே பலம், எங்கே பலம் இல்லை என்பது தெரியாமல் இருக்குமா.

"இது என்னம்மா, இந்த இடம் இப்படி இருக்கு?"

மூலையில் தேய்க்கிற சத்தம் நின்றது. வேறு ஏதாவது சொல்லிவிடலாம். உப்புத் தண்ணீரில் ஊறினால் இப்படி ஆகிவிடும் மாமா என்றால் நம்பிவிடுவார், நம்பத்தான் ஆசைப்படுவார்.

"செய்யும்போதே அங்க ரெசின் இறங்கல மாமா. அங்கதான் முறிஞ்சிருக்கு."

"செய்யும்போதே..."

"ஆமா."

அவர் துண்டைக் கீழே வைக்கவில்லை. கட்டைவிரலால் அந்த வறண்ட இடத்தை மறுபடி மறுபடி தேய்த்துக்கொண்டே நின்றார். "அவன் வேலையில நான் ஒரு குறை கண்டதில்லையே," என்றார், யாரிடமும் இல்லாமல். அப்புறம், "இவனுக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியும்."

"தெரிஞ்சும் என்கிட்ட வந்து சொல்லலியா?"

அவருக்கே அந்தக் கேள்வி எப்படி ஒலித்ததோ, சட்டென்று வாயை மூடிக்கொண்டார். அவள் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. பிறகு புதுத் தண்டின் பக்கம் நகர்ந்து, அதன் மேல் கையை வைத்தார். படகிலிருந்து கழற்றி வைத்திருந்த பழைய புஷ்ஷையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இது இதுக்குள்ள போகாதே," என்றார். மூலையைப் பார்க்காமலே, கொஞ்சம் உரக்க: "வெளி அளவு என்னடா?"

அவன் எழுந்து வந்தான். அளவெடுக்கிற காலிப்பரைத் தண்டில் வைத்துப் படித்துச் சொன்னான். தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு தடவை சொன்னான். அவர் தலையாட்டிவிட்டு, புஷ்ஷைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தனக்குத் தெரிந்தவர் ஒருவரின் லேத் பட்டறைக்குக் கிளம்பினார்.

படகைக் கிரேன் தூக்கித் தண்ணீரில் இறக்கிய காலையில் காற்று மிதமாக இருந்தது. மாமனார் படகில் ஏற மாட்டேன் என்று சொல்லி, பஸ்ஸில் சுற்றிக்கொண்டு அக்கரைக்குப் போய்விட்டார். தாடி கயிற்றை அவிழ்த்துவிட்டார். பாதுகாப்புக் கயிற்றை அவள் இடுப்பில் மாட்டி, கொக்கி விழுந்ததா என்று கொழுந்தன் இழுத்து இழுத்துப் பார்த்தான். தன்னுடையதையும் அப்படியே பார்த்தான். வெளியே வந்ததும், தேவையில்லாத அளவுக்குப் பாயைச் சுருக்கியே கட்டினான்.

அவள் அந்தப் படகில் ஏறியதே அன்றுதான். கணவன் எத்தனை தடவை கூப்பிட்டிருப்பான்! தலை சுற்றும் என்று தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தாள். இப்போது சுற்றவில்லை. முகத்தில் உப்புத் தெறித்தது.

பாதி தூரம் போனதும் கொழுந்தன், "பிடிச்சுப் பாருங்க," என்று பிடியை அவளிடம் கொடுத்தான். அவள் இரண்டு கையாலும் பிடித்தாள். அவள் தேய்த்த பலகை கீழே தண்ணீரைப் பிளப்பது உள்ளங்கைவரை ஏறி வந்தது, ஒரு மெல்லிய நடுக்கமாக. இலேசாகத் தள்ளினாள். படகு சொன்ன பேச்சைக் கேட்டது.

"எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

அண்ணன் விழுந்த இடத்தைக் கேட்கிறாள் என்று அவனுக்குப் புரிந்தது. விரிகுடா வாய் திறந்து கடலோடு சேர்கிற திசையைக் காட்டினான். அவள் பார்த்தாள். சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தாள். அங்கே வெறும் தண்ணீர்தான் இருந்தது, மற்ற எல்லாப் பக்கமும் இருந்ததைப் போலவே. கண் கூசும்வரை பார்த்துவிட்டு, "சரி, நீ பிடி," என்று அவனிடம் கொடுத்தாள்.

அக்கரையில் புதுப் படகுத்துறையின் விளிம்பில் மாமனார் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கொழுந்தன் பாயை இறக்கி, படகை மெல்லத் திருப்பி, துறையோரமாகக் கொண்டுவந்தான். கயிற்றைச் சுருட்டி எடுத்து, "அப்பா, பிடிங்க!" என்று வீசினான்.

அவர் கையை நீட்டினார், எட்டவில்லை. கயிறு தண்ணீரில் விழுந்தது. அவன் இழுத்துச் சுருட்டி, ஈரம் சொட்டச் சொட்ட மறுபடி வீசினான். இந்தத் தடவை மார்பில் வந்து அடித்ததை அவர் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டார்.

"எங்க கட்டணும்?" என்று கேட்டார்.

"அந்தக் கம்பத்துல. ரெண்டு சுத்துப் போடுங்க. நான் வந்து முடிச்சுப் போடறேன்."

அவர் குனிந்து சுற்ற ஆரம்பித்தார்.